ஆறு நிலைகளும் என் வீட்டுக் கட்டிலும்

எங்கள் சங்கம் நோயாளிகளுக்குப் பொருள்களை இரவல் கொடுக்கிறது. மின்சாரக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் இயந்திரம், காற்று மெத்தை. சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மளிகைக்கடைக்குப் பின்னால் இருக்கும் நீள அறைதான் எங்கள் அலுவலகமும் கிடங்கும். கணக்கு எல்லாம் ஒரே ஒரு கணினிக் கோப்பில் இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி, வரியின் கடைசியில் ‘நிலை’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று யாரும் யாருக்கும் சட்டம் போட்டதில்லை. அதனால் இருபது வருடங்களாக அவரவர் வாய்க்கு வந்ததை எழுதி வைத்திருந்தார்கள்.

‘ஓகே’ இருந்தது. ‘ஓகே லா’ இருந்தது. ‘பாதி ஓகே’ என்று ஒன்று. ‘சக்கரம் வேணும்’, ‘பாய்க்குத் தெரியும்’, ‘கேட்டால் மட்டும் கொடு’ என்றெல்லாம் இருந்தன. ஒரு சக்கர நாற்காலிக்கு எதிரே ‘அந்தப் பாட்டி திட்டுவார்’ என்று எழுதியிருந்தது. எந்தப் பாட்டி, ஏன் திட்டுவார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நாற்காலியை நான் யாருக்கும் அனுப்பியதில்லை, பயம்தான்.

அந்தக் கோப்பில் என் வீட்டுப் பொருள் ஒன்றும் இருந்தது. மின்சாரக் கட்டில் ஒன்று, காற்று மெத்தையோடு, இருக்கும் இடம் தோ பாயோ. நிலை: கே.ஐ.வி. இந்த ஊர் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். அந்தப் பிறகு வருவதே இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். என் கணவர் அந்தக் கட்டிலில் பதினான்கு மாதம் கிடந்தார். அவர் போய் மூன்று வருடமாகியும் கட்டில் என் வீட்டு ஹாலில்தான் நின்றது.

அவருக்கு நுரையீரலில் கோளாறு. சமமாகப் படுத்தால் மூச்சு முட்டும். இந்தச் சங்கத்துக்கு நான் முதலில் வந்தது கட்டில் கேட்டுத்தான். அவர் போன பிறகு, வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு அங்கே வந்து போன் எடுக்கலாமே என்று வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த பாய் என்னிடம் எதுவும் கேட்காமல் ஒரு மேசையைக் காட்டினார். ஆறு மாதத்தில் அந்தக் கோப்பு முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தெட்டு வயது. அவருடைய அத்தாவும் பாட்டனாரும் இதே வட்டாரத்தில் துணிக்கடை வைத்திருந்தவர்கள். கடையை மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் தவிர எப்போது பார்த்தாலும் ஒரு திருப்புளியோடு ஏதாவது ஒரு நாற்காலிக்குக் கீழே குனிந்திருப்பார். கோபம் வந்தால் பேச மாட்டார், நுரை பொங்க ஆற்றிய பால் டீயை, தே தாரிக்கை, குடிக்காமல் ஆறவிடுவார். அதுதான் அடையாளம்.

அவர் கொண்டுவந்த ஒரு வழக்கம் எங்கள் கோப்பில் எண்களாக இருந்தது. இரவல் வாங்கிய வீட்டில் நோயாளி இறந்துவிட்டால் கட்டிலை உடனே போய்க் கேட்கக் கூடாது. இந்து வீடென்றால் பதினாறாம் நாள் காரியம் முடியட்டும். முஸ்லிம் வீடென்றால் நாற்பது. சீனர் வீடென்றால் நாற்பத்தொன்பது. சாவுச் செய்தி வந்ததும் நிலைக் கட்டத்தில் அந்த எண்ணை மட்டும் போடுவோம். 16, 40, 49. அதைப் பார்த்தால் அந்த வீட்டுக்கு யாரும் போன்கூடப் பண்ண மாட்டோம். ஆரம்பத்தில் ஒரு முறை இரண்டாம் நாளே லாரியை அனுப்பிவிட்டாராம். இறந்தவரின் தாயார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அந்தக் கதையை ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் நாற்காலிக்குக் கீழே இருந்தபடியே.

போன வருடம் புதிய ஏற்பாடு வந்தது. எங்களுக்கு உதவித்தொகை தருபவர்கள், இனி இது போன்ற சங்கங்கள் எல்லாம் ஒரே கணினி அமைப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். அதில் எந்தப் பொருளுக்கும் ஆறு நிலைகள்தான். வாங்கப்படுகிறது, தயார், இரவலில், பழுதுபார்ப்பில், மீட்கவேண்டியது, அகற்றப்பட்டது. பிறப்பிலிருந்து இறப்பு வரை ஆறே சொல். மாதக் கடைசிக்குள் எங்கள் பழைய சொற்கள் அத்தனையையும் இந்த ஆறில் ஏதாவது ஒன்றாக மாற்றியாக வேண்டும். அதற்குப் பிறகு பழைய கோப்பைப் பூட்டிவிடுவார்கள்.

அமைப்பை நிறுவ ஒரு பெண் வந்தாள். நம்ம ஊர்ப் பெண்தான், கெட்டிக்காரி, முப்பது வயதுக்குள் இருப்பாள். முதல் நாள் எங்கள் கோப்பைத் திறந்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். பிறகு மெல்ல, “அக்கா, ‘அந்தப் பாட்டி திட்டுவார்’ இஸ் நாட் எ ஸ்டேட்டஸ்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாய்க்கு வரவில்லை.

ஒரு தாளில் இடப்பக்கம் பழைய சொல், வலப்பக்கம் புதிய நிலை என்று எழுதிக்கொண்டே போனோம். ‘ஓகே’யும் ‘ஓகே லா’வும் ‘தயார்’ ஆயின. ‘பாதி ஓகே’ பழுதுபார்ப்புக்குப் போனது. ‘கிராஞ்சி’ என்ற சொல்லில்தான் தகராறு. உடைந்த சாமான்களை வைக்க இடமில்லாமல், கிராஞ்சியில் செடிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவரின் கொட்டகைக்கு அனுப்புவோம். அப்படிப் போனதெல்லாம் ‘கிராஞ்சி’. அந்தப் பெண் அதை ‘அகற்றப்பட்டது’ என்று போடச் சொன்னாள். பாய் திருப்புளியைக் கீழே வைத்தார். பக்கத்துத் தங்கும் விடுதியில் இருக்கும் ஊழியர்கள் இரண்டு மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, மூன்று உடைந்த நாற்காலியிலிருந்து இரண்டு நல்ல நாற்காலி செய்து கொடுப்பார்கள், அகற்றப்பட்டது என்று எழுதினால் அவர்கள் எதைத் தட்டுவார்கள் என்று கேட்டார். அவள் ஒப்புக்கொண்டாள். கிராஞ்சி முழுவதும் பழுதுபார்ப்புக்கு வந்து சேர்ந்தது.

எண்களுக்கு வந்தபோது பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பதினாறு, நாற்பது என்றால் என்ன என்று அவள் கேட்டாள். விளக்கினேன். அவள் கண்கள் கொஞ்சம் கலங்கின. அப்படியென்றால் நோயாளி இல்லை, கட்டில் திரும்பி வர வேண்டும், அதற்குச் சரியான நிலை ‘மீட்கவேண்டியது’தானே என்றாள். ஆமாம் என்றேன். சரிதானே? ஆள் இல்லை, கட்டில் வர வேண்டும். என் கையாலேயே மூன்று எண்களுக்கு எதிரே அந்தச் சொல்லை எழுதினேன்.

கே.ஐ.வி. என்ற வரியை மட்டும் கடைசியில் பார்க்கலாம் என்றேன். எங்கள் கோப்பில் கே.ஐ.வி. என்று இருந்தது ஒரே ஒரு பொருள்தான் என்பதை அவள் கவனித்தாளா தெரியாது. எனக்குத் தெரியும். ‘இரவலில்’ என்று போட்டால் நோயாளியின் பெயரையும் அடுத்த சோதனை நாளையும் அமைப்பு கேட்கும். நோயாளி யார்? ‘தயார்’ என்று போட்டால் மறுநாளே யாருக்காவது அனுப்பச் சொல்லும். மிச்சம் இருந்தது அந்த ஐந்தாவது சொல்தான். அதை என் கட்டிலுக்கு நேராக வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மற்றவர்களின் கட்டில்களுக்கு எழுதும்போது கை கூசவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

புதிய அமைப்பு ஒரு திங்கட்கிழமை வேலை செய்ய ஆரம்பித்தது. ‘மீட்கவேண்டியது’ என்று இருப்பவற்றையெல்லாம் அது காலையில் தானாகவே லாரிக்காரரின் போனுக்கு அனுப்பிவிடும். அது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது, பயிற்சியில் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். பழைய லாரிக்காரராக இருந்திருந்தால் முகவரியைப் பார்த்ததும் பாய்க்குப் போன் போட்டிருப்பார். இவர் புது ஒப்பந்தத்தில் வந்தவர்.

பதினொரு மணி வாக்கில் அவர் கிளமெண்டியிலிருந்து கூப்பிட்டார். வாசலில் செருப்பு மலையாகக் கிடக்கிறது, உள்ளே ஓதுகிறார்கள், சாவு வீடு மாதிரி இருக்கிறது, கட்டிலை எடுக்கவா வேண்டாமா என்றார். வியாழக்கிழமை இறந்தவர். நான்கே நாள்தான் ஆகியிருந்தது. நாற்பது என்று அந்த வரியில் எழுதியவளே நான்தான். எதையும் தொடாமல் திரும்பி வாருங்கள் என்றேன். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று அவருடைய தே தாரிக் ஏடு கட்டும்வரை மேசையில் இருந்தது.

மன்னிப்புக் கேட்க நானே போனேன். புகிஸில் ரயில் மாறி, நின்றுகொண்டே கிளமெண்டி வரை. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

இறந்தவரின் மனைவி என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கணவரை இழந்த பெண் ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருப்பதால் உள்ளறையில் உட்கார்ந்திருந்தார், நான் பெண் என்பதால் நேரே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஹாலைக் கடந்துதான் போக வேண்டும். கட்டில் அங்கேதான் நின்றது, விரிப்பு மாற்றப்பட்டு, சுத்தமாக. சுற்றிலும் பெண்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். அவர் பாதியிலேயே நிறுத்தினார்.

“எதுக்குக்கா மன்னிப்பு? எடுத்துட்டுப் போங்கன்னு நான்தான் சொன்னேன். உங்க ஆளு போன்ல பேசிட்டு, வேணாம்னு போயிட்டாரு. ஹாலைப் பார்த்தீங்கல்ல? வர்றவங்க உட்கார இடமில்ல. அதுல போய் உட்காருங்கன்னா ஒருத்தரும் உட்கார மாட்டேங்குறாங்க.”

நாற்பது நாள் வழக்கத்தைப் பற்றிச் சொன்னேன். பாய் நல்ல மனுசர் என்றார். ஆனால் தன் வீட்டுக்காரருக்குக் கட்டில் கேட்டபோது மூன்று வாரம் காத்திருந்ததாகவும், இப்போது யார் காத்திருக்கிறார்களோ என்றும் சொன்னார். அது உண்மைதான். அந்த மூன்று வாரமும் அவருடைய போனை எடுத்தது நான்தான். கட்டில் இல்லைம்மா, வந்ததும் சொல்றேன் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னதும் நான்தான். அப்போதெல்லாம் தோ பாயோவில், என் வீட்டில், ஒரு கட்டில் இருந்தது.

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, என் வீட்டுக்காரரும் இதே போல ஒரு கட்டிலில் இருந்துதான் போனார் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க வீட்ல எத்தனை நாள் வெச்சிருந்தீங்க அக்கா?”

“பதினாறு நாள்” என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

“பதினாறு நாளா? எப்படித்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்களோ.”

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. இறந்த வீட்டில் போய், நான்கு நாள் ஆன ஒருத்தியிடம், வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வருகிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்ன நினைத்திருப்பார்? ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். நான்தான் நினைத்தேன். மூன்று வருடம் என்று சொல்ல வெட்கப்பட்டேன் என்றால், அது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று எனக்கே தெரிந்திருக்கிறது. கே.ஐ.வி. என்று எத்தனை அழகாகப் போர்த்தி வைத்தாலும் அது இன்னொருவரின் கட்டில்.

மறுநாள் காலையில் கிளமெண்டிக் கட்டில் வந்து இறங்கியது. பாய் அதன் சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனிமேல் எண்ணை நாமே போடாமல் அந்த வீட்டாரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம், அவர்கள் சொல்லும் நாளுக்கு முன்னால் லாரி போகாதபடி அந்தப் பெண் ஒரு கட்டம் சேர்த்துத் தருகிறாளாம் என்று சொன்னேன். நல்லது என்றார். கோபம் தணிந்திருந்தது. இதற்கு மேல் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது.

“பாய், என் வீட்டுக் கட்டில் சும்மா இல்ல. அதுல நான்தான் படுக்குறேன்.”

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும் தங்கச்சி. மெத்தைக்குக் காத்தடிக்கிற மோட்டார் போன வருசம் வேற வாங்கிட்டுப் போனீங்க. ஆள் படுக்காத கட்டிலுக்கு மோட்டார் எதுக்கு?”

நான் சிரித்தேன். சிரித்தபடியே அழுதுவிட்டேன், கிடங்கில் நின்று, கையில் பழைய துணியோடு. அந்த மோட்டார் ஒரு மெல்லிய உறுமல் உறுமிக்கொண்டே இருக்கும். பதினான்கு மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் தூங்கினேன். அது ஓடிக்கொண்டிருந்தால் அவர் இருக்கிறார். அவர் போன மறுவாரம் அதை அணைத்தேன். வீடு தாங்க முடியாத அமைதியாகிவிட்டது. மறுபடி போட்டேன். போட்ட பிறகு மெத்தையில் சாய்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு என் அறையில் நான் படுக்கவே இல்லை. தலைப்பக்கத்தை அவருக்கு மூச்சு வாங்காதபடி உயர்த்தி வைத்திருந்தோம். அதையும் இறக்கவில்லை. எனக்கு நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மூன்று வருடம் அரைவாசி உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

பாய் துணியைக் கீழே வைத்தார். எப்போது லாரியை அனுப்பட்டும் என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை என்றேன்.

வியாழக்கிழமை காலை அதே லாரிக்காரர்தான் ஓர் உதவியாளோடு வந்தார். கிளமெண்டியில் பட்ட அனுபவத்தில், உள்ளே வருவதற்கு முன்னால் நிச்சயமாக எடுக்கலாமா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலைச் சமமாக்கினால்தான் மின்தூக்கிக்குள் நுழையும் என்றார். இயக்கும் பட்டனை வாங்கி நானே அழுத்தினேன். தலைப்பக்கம் மெதுவாக, முனகிக்கொண்டே இறங்கியது. பாதியில் நிறுத்தி, கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, மறுபடி அழுத்தினேன். அவர்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார்கள். நல்ல மனிதர்கள்.

காற்று இறங்கிய மெத்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர்கள் போன பிறகு, தரையில் நான்கு சக்கரங்களின் தடம் இருந்தது. துடைத்தேன். பிறகு பேருந்து பிடித்து வேலைக்குப் போனேன். வேறு எங்கே போவது?

பழைய கோப்பைப் பூட்ட இரண்டு நாள் இருந்தது. அந்தப் பெண் பக்கத்து மேசையில் இருந்தாள். மிச்சம் இருந்த ஒரே வரியைத் திறந்து, ‘கே.ஐ.வி.’ என்பதை அழித்து, புதிய அமைப்பில் கட்டில் திரும்பி வந்துவிட்டது என்று பதிவு செய்யப் போனேன். அது ஏற்கவில்லை. திரும்பி வந்த காரணத்தைச் சொல்லாமல் மேலே போக விடாது. பட்டியலை விரித்தேன். குணமடைந்தார். பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றப்பட்டார். இரவல் பெற்றவர் காலமானார். பிற.

‘பிற’ என்பதன் மேல் கொஞ்ச நேரம் விரல் இருந்தது. அதுவும் ஒரு கே.ஐ.வி.தான்.

என் கணவர் போனபோது இறப்புச் சான்றிதழ், வங்கி, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் அவருடைய தம்பிதான் நிரப்பினார். பெருக்கல் குறி போட்ட இடத்தில் நான் கையெழுத்து மட்டும் போட்டேன், எதையும் படிக்கவில்லை. எத்தனையோ வீடுகளுக்கு இதே சாவுச் செய்தியை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வரிசையாக எண்ணாக எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். என் வீட்டுக்கு, என் விரலால், அதை நான் சொன்னது அன்றுதான். மூன்றாவதை அழுத்தினேன்.

திரையில் கட்டில் ‘தயார்’ என்று மாறியது. காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவரின் போன் எண்ணைப் பாய் கேட்டார். நான் வாசித்தேன், குரல் கொஞ்சம் உடைந்தது, அவர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன்.